தறிப்பேச்சு

“தண்ணியக் குடிங்க, வயிறு முட்டக் குடிங்க, ஒண்ணுக்கு நெருக்குனாத்தான் உள்ள இருக்கிறதெல்லாம் பளிச்சுன்னு தெரியும்” என்று ஸ்கேன் சென்டர் பெண் சொல்லிவிட்டு நகர்ந்ததுதான் தாமதம், பாவாயி பாட்டிலின் மூடியைத் திருகிவிட்டாள். மாமியார் நீட்ட, மருமகள் வாங்கிக் குடிக்க, எதிர் வரிசையில் இருந்தவர்கள் இதைப் பாசம் என்றுதான் நினைத்திருப்பார்கள். பாசம்தான், இல்லையென்று யார் சொன்னது, அதுதானே சுகுணாவுக்குத் தொண்டையில் நிற்கிறது. கொடுமைக்கார மாமியாராக வாய்த்திருந்தால் எவ்வளவு வசதி, மனதுக்குள் வைது தள்ளிவிட்டுக் காரியத்தைப் பார்க்கலாம். இது வெயிலில் நின்றால் தன் முந்தானையை அவள் தலைக்குப் பிடிக்கிற மாமியார். பளிச்சுன்னு தெரியும். அந்த வார்த்தையைத் தண்ணீரோடு சேர்த்து விழுங்கப் பார்த்தாள், இறங்கவில்லை. என்ன தெரியும்? மகள் மித்ரா பிறந்த மறுநாள் பெரியாஸ்பத்திரியில் நர்ஸம்மா உள்ளே வைத்துவிட்ட காப்பர்-டி தெரியும். உள்ளங்கையில் வைத்துக் காட்டியபோது இத்தனூண்டா என்றிருந்தது, காதில் கம்மலைக் கழற்றி வைத்தால் தூர்ந்துவிடாமல் இருக்க ஈர்க்குச்சி செருகிக்கொள்வோமே, அந்த அளவுக்குத்தான். அந்த இத்தனூண்டு சாமான் இத்தனை வருஷம் அவளை உயிரோடு வைத்திருக்கிறது. வீட்டில் ஈ காக்கைக்குத் தெரியாது. புருஷன் அர்த்தநாரிக்குத் தெரியாது. பாவாயிக்குத் தெரியாது. மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை என்பார்கள். சுகுணாவுக்குக் கனம் மடியில் இல்லை, அதற்கும் உள்ளே இருந்தது. உள்ளே இருப்பதைப் படம் பிடித்துத் திரையில் காட்டுகிற அறைக்கு வெளியேதான் இப்போது அவள் உட்கார்ந்திருக்கிறாள்.

காலையில் அந்தக் குழந்தைப் பாக்கிய டாக்டரம்மா கேட்டபோதே சொல்லியிருக்கலாம். தடுப்பு எதுவும் வெச்சிருக்கீங்களாம்மா என்று அவளைப் பார்த்துத்தான் கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் பாவாயி முந்திக்கொண்டாள். “அதெல்லாம் எங்கூட்டுல பழக்கமே இல்லீங். ஒண்ணு நிக்காதான்னு கோயில் கோயிலாச் சுத்திக்கிட்டிருக்கறம், இதுல தடுப்பு எங்கிருந்துங் வந்துது.” டாக்டரம்மா சிரித்துவிட்டு, அப்ப முதல்ல ஒரு ஸ்கேன் பாத்துருவோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த நேரத்தில், இல்லீங்க டாக்டர், வெச்சிருக்கறனுங் என்று ஒரு வாக்கியம், முடிந்திருக்கும், எல்லாமே முடிந்திருக்கும். வீடு வந்து சேர்வதற்குள் அர்த்தநாரிக்குப் போன் போயிருக்கும், சாயங்காலத்துக்குள் அவளுடைய அப்பா அம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்திருப்பார்கள், நாளைக்கே இதே டாக்டரம்மா கையால் அது வெளியே வந்திருக்கும், அடுத்த மாசம் நாள் தள்ளியிருக்கும், அதற்கப்புறம் கால் வீங்கும், முகம் வீங்கும், பிரஷர் ஏறும், பல் கிட்டும். அதற்கப்புறம் என்ன என்று அவள் நினைப்பதே இல்லை. நினைப்பு அந்த இடத்துக்கு வந்ததும் செக்குமாடு மாதிரி திரும்பிவிடும், மறுபடி காப்பர்-டி, மறுபடி பாவாயி, மறுபடி கால் வீக்கம். அடிவயிறு இப்போதே இறுக ஆரம்பித்திருந்தது. காலை மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

ஸ்கேன் அறைக் கதவில் முகம் தெரிகிற உயரத்தில் சதுரமாக ஒரு கண்ணாடி. ஒட்டியிருந்த தாளை யாரோ நகத்தால் சுரண்டிப் பாதி எடுத்திருந்தார்கள். அதன் வழியாக உள்ளே இருக்கிற டாக்டர் தெரிந்தார், சின்ன வயதுப் பெண், முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். படுக்கையைச் சுற்றிப் பச்சைத் திரை, அதுவும் இடுப்புக்குக் கீழேதான் மறைத்தது. சத்தம் ஒரு துளி வெளியே வரவில்லை. மற்றவர்களுக்கு அது போதும். சுகுணா அந்த வாயையே பார்த்தாள். ‘தலை திரும்பலை, அடுத்த வாரம் வாங்க.’ அச்சுப்போட்ட மாதிரி படிக்க முடிந்தது. தனக்குப் படிக்க முடிகிறதென்றால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு முடியாதா. சுகுணா கல்யாணமாகி வந்து தறிக்கு நின்றவள், பாவாயி பாவாடை கட்டின வயசிலிருந்து நின்றவள். விசைத்தறிப் பட்டறைக்குள் காதுக்கு வேலை கிடையாது. அத்தனை தறியும் ஒன்றாக அடிக்கிற அடியில் பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது, அதனால் அங்கே யாரும் கத்துவதில்லை, உதட்டை மட்டும் அசைப்பார்கள். அந்தக் கோடியில் இருப்பவள் இந்தக் கோடியில் இருப்பவளிடம் இன்றைக்கு என்ன குழம்பு என்பாள், எவள் எவனோடு போனாள் என்பாள், பாட்டுக்கூடப் பாடுவார்கள், உதட்டாலேயே. ஊரில் மற்றவர்களுக்கு ரகசியம் என்றால் குரலைத் தாழ்த்துவது. தறிக்காரர்களுக்கு ரகசியம் என்றால் முகத்தை மறைப்பது. பேசுவது பிடிக்கவில்லையென்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும், காதைப் பொத்தினதுக்குச் சமம், பட்டறைக்குள் அதைவிடப் பெரிய மரியாதைக்கேடு இல்லை. பாவாயி கல்யாண மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, மேடைக்குப் பக்கத்தில் நிற்கிற, விருந்துக்கு வந்த ஒறம்பரைக்காரி எதைக் குறை சொல்கிறாள் என்று பருப்புச் சாதத்தைப் பிசைந்தபடியே சொல்லிவிடுவாள். அந்தக் கண்ணுக்கு முன்னால் ஒரு கண்ணாடிச் சதுரம் எம்மாத்திரம். டாக்டரம்மா கவசத்தை மேலே ஏற்றிக்கொண்டால் நல்லது. உள்ளே போனதும் இருமிப் பார்க்கலாமா, சளி பிடித்திருக்கிறது என்றால் போட்டுக்கொள்வாரா.

“நெருக்குதா அம்மிணி?” என்றாள் பாவாயி. இன்னும் இல்லீங்கத்தை என்றாள் சுகுணா, பொய், ஆனால் சின்னப் பொய், வரிசையில் கடைசியில் நிற்கிற பொய். “அப்பன்னா இன்னொரு வாய் குடி.” பாட்டிலை நீட்டிய வலது கையில் ஆள்காட்டி விரல் நுனி கொஞ்சம் நசுங்கி, நகம் முளைக்காமல் பாறையாக இருந்தது. அதைப் பார்க்கக் கூடாது என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பாள், ஒவ்வொரு தடவையும் கண் அங்கேதான் போய் விழும். அது சுகுணாவின் பல் பட்ட விரல். மித்ராவை வயிற்றில் சுமந்துகொண்டு மாசம் ஆகியிருந்த நேரம், விடிகாலையில் தலையை யாரோ கயிறு போட்டு இறுக்குகிற மாதிரி இருந்தது, கண்ணுக்கு முன்னால் மின்மினி பறந்தது, அத்தை என்று கூப்பிட்டது வரைக்கும்தான் ஞாபகம். மீதியை மற்றவர்கள் சொல்லிச் சொல்லித் தானே பார்த்த மாதிரி ஆகிவிட்டது, கை கால் வெட்டி இழுத்தது, வாயில் நுரை, பக்கத்து வீட்டுக்காரன் வேனை எடுத்தது, பாவாயி இவள் கையில் சாவிக்கொத்தைத் திணித்துவிட்டு, நாக்கைக் கடித்துக்கொள்ளப் போகிறாள் என்று தன் விரலைக் கொடுத்துவிட்டது. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் எடுக்கவில்லையாம். ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுத்தார்கள். சுகுணா கண் விழித்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் விரலில் பெரிய கட்டு. என்னாச்சுங்கத்தை என்றதற்கு, கதவு நசுக்கிப்போட்டுது என்றாள். உண்மையை ஒரு மாசம் கழித்து வேறு யாரோ சொன்னார்கள். அந்த விரலுக்குத் துரோகம் பண்ணுகிறோமா, அல்லது அந்த விரலை இன்னொரு தடவை கடித்துவிடாமல் இருக்கத்தான் இத்தனையுமா, இதை எத்தனை ராத்திரி புரட்டிப் பார்த்திருப்பாள். ஒரு பக்கம் நியாயமாகத் தெரிந்தால் மறுபக்கம் கருப்பாகத் தெரியும்.

கேட்டுவிட்டுத்தான் செய்வதாக இருந்தாள், அதைச் சொல்லியாக வேண்டும். குழந்தை பிறந்த மறுநாள் பாவாயி இட்லி வாங்கக் கீழே போயிருந்த நேரம், அந்த நர்ஸம்மா வந்து கட்டில் ஓரம் உட்கார்ந்தார், கனத்த உடம்பு, கட்டில் ஒரு பக்கம் சாய்ந்தது. “பாப்பா, நீ பொழச்சதே பெருசு. அடுத்தது சீக்கிரம் நின்னுச்சுன்னா மறுக்காவும் இப்படி வரலாம். வருமின்னு சொல்லல, வரலாம். கொஞ்ச வருசமாவது தள்ளிப் போடு. மாத்திரை உன்ற பிரஷருக்கு ஆவாது. இத வெச்சுக்கறியா, வேண்டாமின்னா எப்ப வேணாலும் எடுத்துக்கலாம்.” வூட்டுல கேக்கோணுமுங் என்றாள் சுகுணா. அந்தம்மா அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். “வூட்டுக்கா இழுத்துது, உனக்குத்தான இழுத்துது.” அவ்வளவுதான் சொன்னார். தலையை ஆட்டினாளா, சரி என்று வாயால் சொன்னாளா, இன்றைக்கும் நிச்சயமில்லை, இட்லி வருவதற்குள் வேலை முடிந்திருந்தது. பாவாயி வந்ததும் சொல்லலாம் என்று இருந்தாள். பாவாயி வந்து இட்லியைப் பிட்டுக்கொண்டே, அடுத்த கட்டில்காரிக்கு அந்தக் கருமத்தை வைத்துவிட்டார்களாம், அது ஏறி நெஞ்சுக்குப் போய்விடுமாம், இடுப்பு விட்டுப்போகுமாம், தறிக்கு நிற்க முடியாதாம் என்று ஆரம்பித்தாள். சுகுணா இட்லியை மென்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள், ஈர்க்குச்சியளவு சாமானை ஒரு விள்ளல் இட்லியில் மறைக்க முடிந்தது. ஒன்றரை மாசம் கழித்து வந்து காட்டச் சொன்னார்கள். அப்போது அவள் பிறந்த வீட்டில் தீட்டுக்கு ஒதுங்கிய அறையில் இருந்தாள், பச்சை உடம்புக்காரி வாசல் தாண்டக் கூடாது, தாண்டுவதென்றால் எதற்கு என்று சொல்ல வேண்டும். அப்புறம் போகலாம், அப்புறம் போகலாம், அந்த அப்புறம் வரவே இல்லை. நூல் ஒன்று தொங்கும், மாசா மாசம் குளிக்கும்போது விரல் விட்டுப் பார்த்துக்கொள் என்றும், சில பேருக்கு மேலேயே சுருண்டுகொள்ளும், தட்டுப்படாது, பயப்படாதே என்றும் நர்ஸம்மா சொல்லியிருந்தார். ஆரம்பத்தில் பார்த்தாள், தட்டுப்படவில்லை. அறுந்த இழையைக் கண்ணால் பார்க்காமலே தேடிப் பிடித்து முடிச்சுப் போடுகிற விரல்கள், அந்த ஒரு நூல் மட்டும் அகப்படவில்லை. சுருண்டிருக்கும் என்று விட்டுவிட்டாள். குழந்தைதான் நிற்கவில்லையே, அதைவிடச் சாட்சி என்ன வேண்டும்.

அர்த்தநாரியிடம் சொல்லிப் பார்க்காமல் இல்லை. அவன் போர் போடுகிற ரிக் வண்டியில் வேலை, மழை விட்டால் கிளம்பிச் சத்தீஸ்கர், ஒடிசா என்று எங்கெங்கோ பூமியைத் துளைத்துக்கொண்டு கிடப்பான், அடுத்த மழை பிடித்தால்தான் வண்டி திருச்செங்கோட்டுக்குத் திரும்பும், நடுவில் நோம்பி, பண்டிகைக்கு ஒரு வாரம் வந்தால் அதிசயம். போனில் பேசினால் பாதி அவன் குரல், பாதி கம்ப்ரசர் சத்தம். ஒருநாள், ஏனுங், டாக்டருங்க என்னமோ சொன்னாங்க, அடுத்த கொழந்தையப் பத்தி என்று ஆரம்பித்தாள். என்ன, என்ன, கேக்கல, எதுவா இருந்தாலும் அம்மாகிட்டக் கேட்டுக்க. அவன் சட்டைப்பை கிழிந்தாலும் அதே பதில்தான், மாடு சினைக்கு வந்தாலும் அதே பதில்தான். முதல் தடவை அவன் ஊருக்கு வந்தபோது, கூச்சத்தை விழுங்கிக்கொண்டு, உறை போட்டுக்கலாமுங்களே என்றாள், காப்பர்-டிக்கு மேலே இன்னொரு காவலாக இருக்கட்டும் என்று. அவன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். “நான் என்ன ஊர் மேஞ்சுட்டா வர்றன்? அது ரோட்டோரம் போறவனுக்குக் குடுக்கறது. கட்டுன பொண்டாட்டி கேக்கற கேள்வியா இது.” அவன் கெட்டவன் இல்லை, குடிக்க மாட்டான், மித்ராவைத் தோளை விட்டு இறக்க மாட்டான். ஆனால் அந்தச் சாமானை அவன் பார்த்ததெல்லாம் லாரிக்காரர்களுக்கு முகாம் போட்டு யாரோ பாக்கெட் பாக்கெட்டாகக் கொடுத்தபோதுதான், அது வீட்டுக்குள் வருகிற பொருள் என்று அவனுக்குப் படவில்லை. இந்த வருஷம் மழை முன்னாலேயே பிடித்துக்கொண்டது. வண்டி வந்து சேர்ந்துவிட்டது. அவன் இருக்கிறான், தினமும் வீட்டில் இருக்கிறான், சுகுணாவும் வேண்டாம் என்று சொல்வதில்லை, ஏன் சொல்ல வேண்டும், அவளுக்கும் ஆசைதானே, உள்ளே காவல் இருக்கிற தைரியத்தில் ஆசைப்படலாம் என்று ஆசைப்பட்டாள். அதையும் சேர்த்துத்தான் இன்றைக்குக் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று தோன்றியதும் முகம் சூடானது.

மூத்திரம் இப்போது உண்மையாகவே நெருக்கியது. கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம் என்ற பலகைக்குக் கீழே டிவி ஓடிக்கொண்டிருந்தது, அதில் ஒருத்தி வெண்டைக்காயை வதக்கினாள், சத்தத்தைக் குறைக்க யாருக்கும் தோன்றவில்லை. இப்போதே சொல்லிவிட்டால் என்ன. அத்தை, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும். மிஷின் சொல்லி அவள் தெரிந்துகொள்வதைவிட, தானே சொல்வது மேல் இல்லையா. சுகுணா வாயைத் திறந்தாள். பாவாயி டிவியைப் பார்த்தபடியே, “மூத்தவன் இருந்திருந்தா அவனுக்கு இப்ப ரெண்டு பசங்க பள்ளிக்கோடம் போவும்” என்றாள். யாரிடமும் சொல்லவில்லை, வெண்டைக்காயிடம் சொன்ன மாதிரி இருந்தது. சுகுணா வாயை மூடிக்கொண்டாள். அந்தக் கதை அவளுக்குத் தெரியும். ரெண்டு பையன் பிறந்ததும் முகாமில் கூட்டிப்போய் பாவாயிக்கு ஆபரேஷன் பண்ணிவிட்டார்கள், அந்த வருஷமே மூத்த பையனைக் காட்டுக்குள் பாம்பு தொட்டுவிட்டது. ஆப்பரேசன் பண்ணுன வவுத்தத் தடவிக்கிட்டே அவனக் குழிக்குள்ள வெச்சன் கண்ணு, என்று ஒரே ஒரு தடவை, தறிக்குள், உதட்டால் மட்டும் சொல்லியிருக்கிறாள். அன்றிலிருந்து ஒத்தை மரம் தோப்பாகாது என்பதுதான் அவளுக்கு வேதம். பையன்தான் வேண்டும் என்றுகூட இல்லை, அடுத்ததும் பொட்டப்புள்ளையா இருந்தாலும் எனக்குச் சம்மதம், மித்ராளுக்கு ஒரு தொணை வேணும், ஒண்ணு போச்சுன்னா ஒண்ணு வேணுமல்ல. இதற்கு என்ன பதில் சொல்வது. செத்த பிள்ளையை வைத்து அவள் கேட்கிறாள், சாகப்போகிற பயத்தை வைத்து இவள் மறுக்க வேண்டும். இரண்டு பிணத்தை எதிரெதிரே வைத்துக்கொண்டு பேரம் பேசுகிற மாதிரி இருந்தது. வேண்டாம், மிஷினே சொல்லட்டும். அது சொல்லிவிட்டால் நாம் சொல்ல வேண்டியதில்லை. திட்டுவார்கள், அழுவார்கள், ஆனால் வாயைத் திறக்கிற அந்த முதல் வேலை நம் தலையில் இல்லை. இப்படி நினைத்ததும் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது, அந்த நிம்மதியைப் பார்த்து அவளுக்கே அசிங்கமாக இருந்தது. “சுகுணா அர்த்தநாரி” என்று அந்தப் பெண் கூப்பிட்டாள். “சித்தெ நேரம் அடக்கிக்க கண்ணு, முடிஞ்சுரும்” என்று பாவாயி முதுகில் தட்டிக்கொடுத்தாள்.

உள்ளே ஏசி குளிர். படுத்து, சேலையை இறக்கி, அடிவயிற்றில் ஜில்லென்று களிம்பு, அதற்கு மேல் அந்தக் கருவி, நிரம்பிய பையின் மேல் அழுத்த அழுத்த அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். கவசம் தாடையிலேயேதான் இருந்தது. இரும மறந்துவிட்டது. டாக்டர் திரையைப் பார்த்தார், அவள் டாக்டரின் வாயைப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை. இன்னும் அழுத்தினார். இப்போது சொல்லுவார், இப்போது, அந்தப் புருவம் சுருங்குகிறதே, பார்த்துவிட்டார். “கர்ப்பப்பை நல்லாருக்கும்மா. சினைப்பை ரெண்டும் நல்லாருக்கு. உள்ள சுத்தமா இருக்கு, ஒண்ணும் இல்ல.” சுகுணாவுக்கு முதலில் கை கூப்பத் தோன்றியது. தெரிந்தும் சொல்லாமல் விடுகிறார், மகராசி. அந்த நன்றி ஒரு மூச்சு நேரம்கூட நிற்கவில்லை. டாக்டர் முகத்தில் எதையும் மறைக்கிற களையே இல்லை, காகிதத்தை எடுத்துக் களிம்பைத் துடைக்க நீட்டிக்கொண்டிருந்தார். ஒண்ணும் இல்லை என்றால் என்ன அர்த்தம்? தலையைத் தூக்கினாள். குரலை எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்தி, மூச்சிலேயே கேட்டாள். “காப்பர்-டி வெச்சிருந்தனுங். பிரசவத்துக்கு மறுநாளு. அது இல்லீங்களா?” டாக்டர் மறுபடி கருவியை வைத்தார், நகர்த்தினார், சாய்த்துப் பார்த்தார். “இல்லியேம்மா. பிரசவத்தோட வெக்கிறது சில பேருக்குத் தானா நழுவி வந்துரும், தீட்டோட தீட்டாப் போயிருக்கும், தெரிஞ்சிருக்காது. எதுக்கும் வயித்துல வேற எங்கயாச்சும் நிக்குதான்னு ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாத்துருங்க. வீட்டுக்காரர் ஊர்ல இருக்காரா?” இருக்காருங். “இந்த மாசம் நாள் தள்ளிருக்கா?” இன்னம் நாளே வரலீங். “அப்ப இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது, நாள் தள்ளுச்சுன்னா உடனே காட்டுங்க. தள்ளலைன்னா மறுபடியும் வெச்சுக்கலாம், உங்க இஷ்டம்தான். பிரஷர் இருந்துச்சா?” எல்லாம் தூரத்தில் யாரோ யாருக்கோ சொல்கிற மாதிரி இருந்தது. எப்போது போயிருக்கும், மித்ராவுக்கு மொட்டை போட்ட மாசம் கட்டி கட்டியாகப் போனதே, அப்போதா, இல்லை அதற்கும் முன்னால் அந்தத் தீட்டு அறையிலேயா. அப்படியென்றால் இத்தனை வருஷம் அவளைக் காப்பாற்றியது எது, ரிக் வண்டியா, சத்தீஸ்கரின் வறண்ட பூமியா. மழை முன்னாலேயே பிடித்த இந்த வருஷம் எது காப்பாற்றும். ஒன்றுமில்லாத ஒன்றை இத்தனை நாள் பொத்திப் பொத்தி ஒளித்திருக்கிறாள், ஒன்றுமில்லாத ஒன்றை நம்பி ராத்திரியெல்லாம் கதவைத் திறந்து போட்டிருக்கிறாள். எழுந்து உட்கார்ந்து சேலையைச் சரிசெய்தபோதுதான் கதவுப் பக்கம் பார்த்தாள். கண்ணாடிச் சதுரம் நிறைய பாவாயியின் முகம் இருந்தது. குரலைத் தாழ்த்தினோமே என்று ஒரு கணம் ஆறுதல் வந்தது, பைத்தியக்காரத்தனமான ஆறுதல். யாரிடம் குரலைத் தாழ்த்தி என்ன, முகத்தை அல்லவா மறைத்திருக்க வேண்டும்.

வெளியே வந்தபோது பாவாயி பழைய இடத்துக்கே போய் உட்கார்ந்திருந்தாள், கூடத்தின் அந்தக் கோடியில், மடியில் காலிப் பாட்டில். நடுவில் நாற்காலி நாற்காலியாக வயிற்றுப் பிள்ளைக்காரிகள், துணைக்கு வந்தவர்கள், டிவிச் சத்தம். பாத்ரூம் அந்தப் பக்கம் என்று கூப்பிட்ட பெண் கை காட்டினாள். சுகுணா நகரவில்லை. பாவாயியின் உதடு அசைந்தது, குரல் இல்லை, நிதானமாக, தறிக்கு அந்தப்புறம் நின்று கேட்கிற மாதிரி. எப்ப வெச்ச? மித்ரா பொறந்த மறுநாளுங், என்றது சுகுணாவின் உதடு. அவனுக்குத் தெரியுமா? தெரியாதுங். இப்ப? இல்லீங்களாம், எப்பவோ விழுந்திருச்சாம். அதைப் படித்ததும் பாவாயியின் முகத்தில் இறுகியிருந்ததெல்லாம் தளர்ந்தது, தோள் இறங்கியது, அப்பாடா என்று ஒரு மூச்சு வெளியே போனதைச் சுகுணா இங்கிருந்தே பார்த்தாள். அந்த அப்பாடாதான் அவளைச் சுட்டது. திட்டியிருந்தால் அழுதிருப்பாள், அழுதுகொண்டே பின்னால் போய் பஸ் ஏறியிருப்பாள். சொல்வதற்கு மிஷின் இல்லை, டாக்டர் இல்லை, உள்ளே இருந்த சாமானும் இல்லை, கூடம் முழுக்கத் தேடினாலும் அவளுக்குப் பதில் சொல்ல ஒரு ஆள் கிடையாது. மறுக்கா வெக்கப் போறனுங்கத்தை, என்றது உதடு. எனக்கு இன்னொண்ணு வேண்டாமுங். பாவாயி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டிவியைப் பார்க்கிற மாதிரி திருப்பிக்கொண்டாள். சுகுணா நடந்தாள். ஒவ்வொரு அடிக்கும் அடிவயிறு வெடிக்கிற மாதிரி இருந்தது, நீட்டியிருந்த கால்களைத் தாண்டி, மன்னிச்சுக்கங்க, கொஞ்சம் விடுங்க என்று போய் டிவிக்கும் பாவாயிக்கும் நடுவில் நின்றாள். கால் வீங்குச்சுன்னா மறுபடியும் இழுக்குமுங், என்றது உதடு, பாதியில் அந்த முகம் மறுபக்கம் திரும்பியது. மறுபக்கம் வெறும் சுவர். சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அந்த நரைத்த பின்னந்தலையை, காதோரம் எண்ணெய் இறங்கிய முடியை, மடியில் காலிப் பாட்டிலைப் பிடித்திருக்கிற கையைச் சுகுணா பார்த்தாள். நகமில்லாத விரலைக் கட்டைவிரல் தேய்த்துக்கொண்டே இருந்தது. தறிக்காரர்கள் வாய் திறந்தால் ஊரே திரும்பும், அவர்களுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது, ஒன்று உதடு, இல்லையென்றால் கூப்பாடு.

“அத்தை, எனக்கு இன்னொரு புள்ள வேண்டாமுங். எனக்குப் பயமா இருக்குதுங். இந்த வாட்டி நான் செத்துருவன்.”

கூடமே திரும்பியது. யாரோ டிவியை நிறுத்தினார்கள், இவ்வளவு நேரம் யாருக்கும் தோன்றாதது. வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் அவளையே பார்த்தார்கள். சுகுணா மூத்திரத்தை அடக்கிக்கொண்டு அங்கேயே நின்றாள். தேய்த்துக்கொண்டிருந்த கட்டைவிரல் நின்றது. பாவாயி சுவரை விட்டு மெல்லத் திரும்பி நிமிர்ந்து பார்த்தாள், கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது, குரல் வரவில்லை, உதடு மட்டும்தான் அசைந்தது.

கத்தாத அம்மிணி. கேக்குது.